கோள்மூட்டி: வேவு விமானங்களும் எங்கள் ஊரும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, ஆறுதலாக வாசியுங்கள். பிழை கண்டால் கீழே திருத்தி விடுங்கள்.

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வெளியே வரும்போது எங்கள் பத்தாம் தர மாணவன் ஒருவன் படலையடியில் நின்றான். கையில் அவனுடைய அண்ணனின் போன். "சேர், இதை ஒருக்கா பாருங்கோ" என்று ஒரு வீடியோவைக் காட்டினான். கறுத்த விமானம் ஒன்று ஓடுபாதையில் ஓடி வருகிறது. பின்னால் இரண்டு நெருப்பு வால்கள். அந்த நெருப்புக்குள்ளே வரிசையாக ஒளி வளையங்கள். வேலிக்கு வெளியே நிற்கிற சனம் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. விமானம் எழும்பி, மூக்கை நிமிர்த்தி, மேகத்துக்குள் மறைகிறது.

"உலகத்திலேயே வேகமான வேவு விமானமாம் சேர். நீங்கள் இப்பிடி ஒண்டு எழும்புறதை நேரில பார்த்திருக்கிறியளோ?"

"இதைப் பார்க்கேல்லை. வேறொண்டைப் பார்த்தனான். பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வரலாறு படிப்பிக்கிற ஒருவன் கேள்வியிலிருந்து அப்படித் தப்பி ஓடக்கூடாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கறுப்பு விமானத்தின் கதை. அது எங்கள் தீவிலிருந்தே தொடங்கலாம்.

1942 ஏப்பிரல் 4. காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவியிலிருந்து கற்றலினா என்கிற கடல்விமானம் ஒன்று விடியமுன் எழும்பியது. ஓட்டியவர் கனடாக்காரரான லெனார்ட் பேர்ச்சல். வேலை, கடலைப் பார்ப்பது மட்டும். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் அளவில் ஊர்ந்து, நாள் முழுக்கப் பறந்து, திரும்பும் நேரம் நெருங்கும்போது தெற்கே அடிவானத்தில் புள்ளிகளைக் கண்டார். கிட்டப் போனார். யப்பானின் பெரிய கப்பற்படை இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யப்பானிய போர்விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. உயிர் தப்பியவர்கள் கைதிகளாகி, போர் முடியும்வரை யப்பானியச் சிறையில் இருந்தார்கள். ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு மீது குண்டு விழும்போது துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. ஏப்பிரல் 9இல் திருகோணமலை அடி வாங்கியது.

வேவு விமானத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் சுடுவார்கள். ஆகவே ஒன்றில் எட்டாத உயரத்தில் பறக்க வேண்டும், அல்லது பிடிக்க முடியாத வேகத்தில் பறக்க வேண்டும்.

அமெரிக்கா முதலில் உயரத்தை நம்பியது. யூ-2 என்ற விமானம் இருபது கிலோமீற்றருக்கு மேலே நின்று சோவியத் நாட்டைப் படம் பிடித்தது. 1960 மே 1இல் சோவியத் ஏவுகணை அதையும் எட்டியது. விமானி கரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டார். உயரம் மட்டும் போதாது என்று தெரிந்தது. அதற்கு முன்பே இரகசியமாகத் தொடங்கியிருந்த வேலையின் தொடர்ச்சியாக 1964 டிசெம்பர் 22இல் முதன்முறை பறந்ததுதான் மாணவன் காட்டிய எஸ்.ஆர்-71.

அதன் வேகம் ஒலியைப் போல மூன்று மடங்குக்கு மேல். 1976இல் மணிக்கு 3,529 கிலோமீற்றர் என்று உலக சாதனை வைத்தது. செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். கொடிகாமம் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் போக அரை நிமிடமும் ஆகாது. மணிக்கு ஏறத்தாழ 260,000 சதுர கிலோமீற்றரைப் படம் பிடிக்கும் என்பார்கள். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். பிரித்துப் பாருங்கள், முழுத் தீவுக்கும் கால் மணித்தியாலம். எங்கள் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பருத்தித்துறையிலிருந்து தெவிநுவர வரை இரண்டு முறை படம் எடுத்துவிடும்.

அந்த வேகத்தில் காற்று உரசி உரசி விமானத்தின் தோல் சில இடங்களில் 300 பாகை செல்சியசைத் தாண்டும். அலுமினியம் தாங்காது என்பதால் பெரும்பகுதியை டைட்டேனியத்தில் செய்தார்கள். அந்த டைட்டேனியத்தின் ஒரு பகுதியை, வேறு பெயர்களில், சோவியத் நாட்டிலிருந்தே வாங்கினார்கள். எதிரியின் உலோகத்தில் எதிரியை வேவு பார்க்க விமானம்! சூட்டில் உலோகம் விரியும் என்பதால் தகடுகளுக்கிடையில் இடைவெளி விட்டிருந்தார்கள். தரையில் குளிர்ந்து நிற்கும்போது அந்த இடைவெளியால் எரிபொருள் ஒழுகும். எழும்பும்போது தாங்கியை நிரப்புவதுமில்லை. குறைந்த எரிபொருளோடு எழும்பி, வானத்தில் வேறொரு விமானத்திடமிருந்து நிரப்பிக்கொண்டுதான் வேலைக்குப் போகும். வீடியோவில் பார்த்த அந்த ஆரவாரமான எழும்பல், வயிறு நிரம்பாத விமானத்தின் எழும்பல்.

32 விமானங்கள் கட்டினார்கள். 12 விபத்துகளில் போயின. எதிரி சுட்டு விழுந்தது ஒன்றுமில்லை.

எங்கள் பிராந்தியத்திலும் இதற்கு ஒரு மாற்றான் இருந்தது. சோவியத் நாட்டின் மிக்-25. 1976 செப்டெம்பரில் விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒன்றைக் கொண்டுபோய் யப்பானில் இறக்கியபோது மேற்கு நாட்டு நிபுணர்கள் அதைக் கழற்றிப் பார்த்தார்கள். டைட்டேனியத்தை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிக்கல் கலந்த உருக்கு. பாரமான இரும்புக் குதிரைதான், ஆனால் ஒலியைப் போல மூன்று மடங்கை நெருங்கி ஓடக்கூடியது. அதன் வேவு வகையை இந்தியா 1981இல் வாங்கி உத்தரப் பிரதேசத்தில் பரேலி விமானத்தளத்தில் வைத்தது. 102ஆம் படையணி. விமானத்துக்கு வைத்த பெயர் கருடா. கால் நூற்றாண்டு பறந்து, 2006 மே 1இல் ஓய்வு பெற்றது. அதற்குள் செய்மதிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

வேகம் ஏன் தேவை என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1999 மே 21, கார்கில் சண்டை நேரம். பெருமாள் என்ற விமானி ஓட்டிய கன்பரா வகை வேவு விமானம் மலைகளின் மேலாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது பழைய, வேகம் குறைந்த ஜெட். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை ஒன்று ஓர் இயந்திரத்தை அடித்தது. மிஞ்சிய ஒரு இயந்திரத்தோடு அவர் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார்.

இதுவரை சொன்னது புத்தகத்தில் கிடைக்கும். இனிச் சொல்வது பெயர்களைப் பற்றி.

எஸ்.ஆர்-71க்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'பிளாக்பேர்ட்', கரும்பறவை. ஆனால் யப்பானின் ஒக்கினாவாத் தீவில், கடேனா விமானத்தளத்தைச் சுற்றி வாழ்ந்த சனம் அதைப் பறவை என்று சொல்லவில்லை. 'ஹபு' என்றார்கள். ஹபு அந்தத் தீவுகளின் விஷப்பாம்பு, எங்கள் ஊர்ப் புடையனைப் போல. 1945இல் பெரும் போரைத் தங்கள் முற்றத்தில் கண்டு, பிறகு தங்கள் காணிகளை அந்நிய ஓடுபாதைகளுக்கு இழந்த சனம் அவர்கள். நீண்டு கறுத்த அந்த உருவத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் பாம்பு ஞாபகம் வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை விமானிகளே விரும்பி எடுத்துத் தங்கள் உடுப்பில் குத்திக்கொண்டார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு சொல். உங்களுக்கும் வந்திருக்கும்.

கோள்மூட்டி.

தொண்ணூறுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்காக விளக்குகிறேன். போர்க்காலத்தில் குடாநாட்டு வானத்தில் சின்ன விமானம் ஒன்று வந்து வட்டமிடும். குண்டு போடாது. சுடாது. சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது போன பிறகுதான் ஹெலியோ பொம்மரோ வரும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் போய்ச் சொல்லிச் சண்டை மூட்டிவிடுகிறவருக்கு எங்கள் ஊரில் என்ன பெயரோ, அதே பெயரை அந்த விமானத்துக்கும் சனம் வைத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வேவு என்ற தொழிலை இதைவிடத் துல்லியமாக எந்த இராணுவ அகராதியும் சொல்லவில்லை.

இப்படி எத்தனை பெயர்கள்! குண்டுகளைக் கொண்டுவந்து கொட்டிய பெரிய விமானம் சகடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஜெட் சுப்பர்சொனிக். 1996இல் இஸ்ரேலிலிருந்து வந்தது கிபிர். ஆளில்லாமல் இரைந்துகொண்டு நிற்கும் வேவு விமானம் வண்டு. சின்னப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லும். பரேலியின் கருடாவுக்கு வேகம் தேவைப்பட்டது, ஏனென்றால் கீழே ஏவுகணை வைத்திருந்தார்கள். எங்கள் கோள்மூட்டி ஆறுதலாகச் சுற்றியது. கீழே பங்கருக்குள் குந்தியிருந்த சனத்துக்கு அது பயப்பட வேண்டியிருக்கவில்லை.

ஒரேயொரு முறை, விமானச் சத்தம் கேட்டு சனம் உள்ளே ஓடாமல் வெளியே ஓடிவந்ததாக எனக்கு ஞாபகம். 1987 யூன் 4, பின்னேரம். எனக்கு ஆறு வயது. இந்தியாவின் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. காவலுக்கு மிராஜ் 2000 போர்விமானங்கள். முதல் நாள் படகுகளில் வந்த உதவியை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியதால் வந்த வான்பயணம் அது. 'ஒப்பரேஷன் பூமாலை' என்பது அவர்கள் வைத்த பெயர். எங்கள் சனத்துக்கு அது 'பருப்புப் போட்டது'. வாப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். நான் கண்டது பனைகளுக்கு மேலே மின்னிய ஒரு முக்கோணமா, அல்லது பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டு மனதில் கீறிக்கொண்ட முக்கோணமா என்று இப்போது சத்தியம் பண்ண மாட்டேன்.

அந்த முக்கோண இறக்கையை நான் நிச்சயமாகக் கண்டது பதின்மூன்று வருடம் கழித்து. அதுதான் மாணவனிடம் சொல்லாமல் விட்டது.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். மாத நடுப்பகுதியில் சாவகச்சேரிப் பக்கத்து முஸ்லிம்கள், 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள். இதை வாசிக்கிற பெரியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொடிகாமம் சந்தைப் பக்கம் இருந்த வாப்பாவின் கடை, உம்மாவின் தையல் மெசின், என் நாலாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அப்படியே இருக்க நாங்கள் போனோம். சில வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில். பிறகு நீர்கொழும்பில் வாடகை வீட்டில்.

நீர்கொழும்புக்குப் பக்கத்தில்தான் கட்டுநாயக்க. பயணிகள் விமானமும் விமானப்படையும் ஒரே ஓடுபாதை. 2000ஆம் ஆண்டு எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் எழுதிவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏப்பிரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. மே மாதம் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. ஒரு நாள் காலை சைக்கிளில் போகும்போது அந்தப் பக்கம் இரைச்சல் கேட்டது. இறங்கி நின்றேன். கம்பிவேலிக்கு அப்பால், மரங்களுக்கு மேலாக, ஒன்று எழும்பியது. பின்னால் இன்னொன்று. முக்கோண இறக்கை. கிபிர். பிரான்சின் மிராஜ் வடிவத்தை எடுத்து, அமெரிக்க இயந்திரம் பூட்டி, இஸ்ரேல் செய்தது. எங்களுக்குப் பருப்புப் போட வந்தவற்றின் காவல் விமானமும் இதுவும் தூரத்துச் சொந்தம்.

நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வீதியில் போன வேறு சிலரும் நின்று பார்த்தார்கள். களப்பின் மேலாக எழும்பி, சாய்ந்து, வடக்கே திரும்பின.

அந்த நேரம் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதைத்தான் நான் இவ்வளவு காலமும் ஒருவரிடமும் சொல்லவில்லை. "நல்லா வேணும்" என்று வாய்க்குள் சொன்னேன். எங்களைப் போகச் சொன்ன மண்ணுக்கு இது போகிறது என்று நினைத்தேன். பத்தொன்பது வயது, பத்து வருடக் கோபம் என்று காரணம் சொல்லலாம். நான் சொல்ல விரும்பவில்லை. பிறகு கடைக்குப் போய்க் கணக்கு எழுதினேன்.

கட்டுநாயக்காவிலிருந்து கொடிகாமத்துக்கு வானத்தால் 280 கிலோமீற்றர் வரும். எஸ்.ஆர்-71 என்றால் ஐந்து நிமிடம் போதும். கிபிர் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் போனாலும் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். நான் கடைக்குப் போய் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அது இங்கே வந்திருக்கும்.

போர் முடிந்த பிறகு இடமாற்றம் கேட்டு இங்கே வந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைவிட மூத்த கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பரீட்சை மேற்பார்வை முடிந்து ஏ9 வீதியால் சேர்ந்து வந்துகொண்டிருந்தோம். பலாலிக்குப் போகிற சின்னப் பயணிகள் விமானம் ஒன்று தூரத்தில் தெரிந்தது. அண்ணை சைக்கிளை நிற்பாட்டி, அது மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்ப மிதித்தார். பழக்கம் விடவில்லை என்றார்.

பேச்சு 2000க்குப் போனது. மே மாதம் அவருடைய குடும்பம் தென்மராட்சியை விட்டு வடமராட்சிக்குப் போயிருக்கிறது. கைக்குழந்தை, நடக்கமாட்டாத தாய், ஒரு சைக்கிள். "முதல் வண்டு வந்து இரையும். பிறகு அது நிண்டிடும். அதுதான் பயம். சத்தம் நிண்டா கிபிர் வரப்போகுது எண்டு அர்த்தம்" என்றார். நாங்கள் நீர்கொழும்பில் சத்தம் கேட்டு வெளியே வந்தோம். அவர்கள் சத்தம் நின்றதும் நிலத்தில் படுத்தார்கள். அந்த இடப்பெயர்வில் அவருடைய வீட்டுக் கூரை போனது. திரும்பி வந்தபோது சாவகச்சேரி நகரத்தில் முழுதாக நின்ற கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம் போல இருந்தது என்றார்.

அப்போது நான் சொன்னேன். கம்பிவேலியை, முக்கோணத்தை, "நல்லா வேணும்" என்றதை, எல்லாவற்றையும்.

அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் போன அண்டைக்கு நாங்களும் வேலிக்குள்ள நிண்டுதான் பார்த்தனாங்கள். ஒருத்தரும் வெளியில வரேல்லை. நானும் வரேல்லை" என்றார்.

அவ்வளவுதான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். காசை அவர் கொடுக்க விடவில்லை, நான்தான் கொடுத்தேன்.

என் மாணவனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தம்பி, நீ காட்டிய வீடியோ அருமையான வீடியோ. அந்த விமானத்தைச் செய்த மூளைகளை நானும் மெச்சுகிறேன். ஆனால் அது ஒரு பறப்பின் பாதி. எழும்புவதைப் பார்க்கிறவனுக்கு வானவேடிக்கை. போய்ச் சேருகிற இடத்தில் அதைப் பார்க்கிறவர் வேறொரு ஆள். அந்த இடத்தில் கமராவோடு ஒருவரும் நிற்பதில்லை. பேர்ச்சல் கண்ட கப்பல்களும், கருடா எடுத்த படங்களும் ஏதோ ஒரு களஞ்சியத்தில் எழுத்தில் இருக்கும். கோள்மூட்டி எங்களை எடுத்த படங்களும் எங்கேயாவது இருக்கலாம். மேலிருந்து பார்த்தவர்களிடம் எங்கள் கூரைகளின் படம் இருக்கிறது. கீழே இருந்து பார்த்த எங்களிடம் இருப்பது சில பெயர்களும் ஞாபகங்களும் மட்டும்தான். அவை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்குள் பத்தாம், பதினொராம் தரப் பிள்ளைகள் வீட்டிலுள்ள அம்மம்மா, அப்பப்பா, அயலில் உள்ள பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். விமானங்களுக்கு உங்கள் பக்கத்தில் என்ன பெயர் சொன்னீர்கள்? ஏன் அந்தப் பெயர்? சத்தம் கேட்டதும் எங்கே ஓடினீர்கள்? 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்த கதையும் வரட்டும். அதே ஒக்டோபர் 30இல், ஐந்து வருடத்துக்கு முன், போனவர்களின் கதையும் வரட்டும். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் இதை வாசித்தால், அவர்களும் எழுதட்டும். ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'கோள்மூட்டி' என்று எழுதி, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தைக் கணித ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

சகடை என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் முதலில் கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று சொல்கிறார்கள், அண்ணை வேறொன்று சொல்கிறார். இரண்டு பேருக்கும் பந்தயம்.